ஸ்பானிஷுக்கு வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர்

லண்டன் வால்தம்ஸ்டோவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் நான்காம் மாடியில் இரண்டே இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள். எதிர்வீட்டில் ஈக்வடோர்க் குடும்பம் ஒன்று. ஈக்வடோரிலிருந்து ஸ்பெயினுக்குப் போய், அங்கே ஏழு வருடம் வயதானவர்களைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிவிட்டு, பிறகு லண்டனுக்கு வந்தவர்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவளுடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி என்று ஒன்று இருக்கவில்லை. அதனால் நாங்களே ஒன்றைச் செய்துகொண்டோம்.

நான் மன்னாரில் படித்த இங்கிலீஷ், பரீட்சைக்கு எழுதுகிற இங்கிலீஷ். லண்டனில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அதில் ‘அடுத்தவர் வாங்கோ’, ‘பட்டாணி வேணுமா’ என்ற இரண்டும் நன்றாகத் தேறின. அவள் விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்பவள். கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் வாளி, குப்பை, முடிந்தது. இந்த இரண்டையும் சேர்த்து, மிச்சத்துக்குக் கையைப் போட்டு, நாங்கள் மணிக்கணக்காகக் கதைத்தோம்.

முதன்முதலில் அவளோடு பேசியது படிக்கட்டில். பையை மறந்து மேலே வைத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். நான் மேலிருந்து “அக்கா” என்று கூப்பிட்டேன். உடனே திரும்பி மேலே வந்தாள். நல்ல பெண், உறவுமுறை புரிகிறது என்று நினைத்தேன். அன்றிலிருந்து அக்கா என்றே கூப்பிட்டேன். கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் வந்தாள். பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது, அவளுடைய பாஷையில் ‘அக்கா’ மாதிரி ஒலிக்கிற ஒரு சொல்லுக்கு ‘இங்கே’ என்று அர்த்தமாம். மரியாதைக்காக நான் கூப்பிட்டது அவளுக்கு ‘இங்கே, இங்கே’ என்று ஒரு நாயைக் கூப்பிடுவது போலக் கேட்டிருக்கிறது. அப்படியும் வந்திருக்கிறாள். அவள் என்னை ‘வெசீனா’ என்பாள். அதை நான் ஏதோ பட்டம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரி என்று அர்த்தம்.

போன குளிர்காலத்தில் அவள் மாறத் தொடங்கினாள். காலை ஒன்பது மணிக்கு வேலையால் வந்தவள், படுக்காமல் தன் வீட்டைத் துடைத்தாள். பிறகு படிக்கட்டைத் துடைத்தாள். பிறகு என் வீட்டுக் கதவை வெளிப்பக்கம் துடைத்தாள். அதுவரை எனக்கு வசதியாகத்தான் இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். வீட்டில் செய்த மாப்பலகாரங்களை எல்லாம் தட்டு தட்டாகக் கொண்டுவந்து எங்களுக்குத் தந்தாள். அவள் இளைக்க இளைக்க நானும் மனுசனும் மகளும் பருத்தோம்.

அவளுக்கு இன்னொரு மகள் இருக்கிறாள். மூத்தவள். ஐந்து வயதில் அந்தப் பிள்ளையை ஊரில் தன் தங்கையிடம் விட்டுவிட்டு ஸ்பெயினுக்குக் கிளம்பியவள் என் சிநேகிதி. பிள்ளைக்கு இப்போது பதினான்கு. ஒவ்வொரு நாளும் வீடியோவில் பேசுவார்கள். பேசுவார்கள் என்றால், இவள் பேசுவாள். அந்தப் பிள்ளை ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பார்க்கும்.

“பக்கம் பார்க்கிறாள்” என்றாள் என்னிடம், எங்கள் பாஷையில். “பக்கத்தில் என்ன? எனக்குத் தெரியாது. போன் சின்னது. பக்கம் தெரியாது.”

நான் எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டேன்.

ஒருநாள் நெஞ்சைத் தொட்டு, தலையைத் தொட்டு, கைவிரல்களை நடுங்குவது போல ஆட்டிக் காட்டி, “நெர்வியோஸ்” என்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நரம்பு. எங்கள் ஊரிலும் இதே வருத்தம்தான், நரம்புத் தளர்ச்சி. மனசில் என்ன இருந்தாலும் நரம்பில் போட்டுவிட்டால் வெளியே சொல்லலாம், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். தமிழ்க் கடைக்குப் போய் நரம்புக்கு நல்லதென்று ஒரு தைலமும் ஒரு டொனிக்கும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கிழமை ஒழுங்காகப் பாவித்தாள். முழங்கால் வலி மாறிவிட்டது என்று நன்றி சொன்னாள். அவளுக்கு முழங்கால் வலி இருந்ததே எனக்குத் தெரியாது. மற்றது அப்படியே இருந்தது.

அடுத்து அவள் தன் கண்ணைத் தொட்டு “ஓஹோ” என்றாள். ஏதோ ஆச்சரியம் என்று நினைத்து நானும் “ஓஹோ” என்றேன். அவள் மறுபடியும் கண்ணைத் தொட்டு, யாரோ முறைத்துப் பார்ப்பது போல நடித்து, தான் சுருண்டு விழுவது போலக் காட்டினாள். அவர்கள் பாஷையில் கண்ணுக்கு அதுதான் பெயர். யாரோ கண் பட்டுவிட்டது என்கிறாள். கண்ணூறு.

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. உலகத்தின் அந்தப் பக்கத்திலும் கண்ணூறு இருக்கிறது. அவர்கள் உடையாத முட்டையை உடம்பெல்லாம் தடவி, பிறகு கிளாஸ் தண்ணீரில் உடைத்து ஊற்றிப் பார்ப்பார்களாம். தன்னைத் தானே தடவிப் பார்த்தாளாம், முட்டையில் ஒன்றும் தெரியவில்லையாம். சந்தேகத்துக்கு என்னையும் தடவினாள். என் முட்டையைக் கன நேரம் உற்றுப் பார்த்துவிட்டு எனக்குக் காட்டாமல் கழுவும் தொட்டியில் ஊற்றினாள்.

“இனி எங்கட முறை” என்றேன்.

ஏழு செத்தல் மிளகாய், ஒரு பிடி கல்லுப்பு. மூன்று தரம் அவள் தலையைச் சுற்றி, துப்பச் சொல்லி, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தாச்சிக்குள் போட்டேன். குளிருக்காக யன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டியிருந்தது. எங்கள் ஊர்க் கணக்குப்படி, மிளகாய் கருகி நெடி வராவிட்டால் கண்ணூறு இருந்திருக்கிறது. நெடி வந்து இருமினால் கண்ணூறு இல்லை.

நாங்கள் இருமினோம். பிறகு வீட்டு அலாரம் அடித்தது. பிறகு கட்டடத்தின் அலாரம் அடித்தது.

ஐந்து நிமிஷத்தில் கட்டடம் முழுவதும் தெருவில் நின்றது. செருப்பில்லாமல் சிலர், தலையில் ஷாம்பூவோடு ஒருவர், பூனையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இரண்டாம் மாடிக் கிழவர். எல்லோரும் இருமினார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி போட்ட இரண்டு பேர் மேலே போய் என் தாச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இது என்ன என்று கேட்டார்கள். “உடம்புக்கு நல்லது” என்றேன்.

அந்த நேரம் பார்த்து என் மனுசன் ஷிப்ட் முடிந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“என்ன நடந்தது?”

“கண்ணூறு கழிச்சனான்.”

“ஆருக்கு?”

“இவவுக்கு.”

அவர் தெருவில் நின்றவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “கட்டடத்துக்கே கழிஞ்சிட்டுது” என்றார்.

இதை நான் எங்கள் பாஷையில் அவளுக்குச் சொன்னேன். அவள் சிரித்தாள். கன நாளைக்குப் பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் நிறுத்திய பிறகும் அவள் சிரித்தாள். பிறகு அது சிரிப்பில்லை என்று விளங்கியது. தீயணைப்புக்காரர் தந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு, தெருவோரக் கல்லில் குந்தி, வாயைத் திறந்தபடி அழுதாள். எல்லோரும் மேலே போன பிறகும் அழுதாள். அலாரம் அடித்தபோது வராத பயம் எனக்கு அப்போது வந்தது. எங்கள் கணக்குப்படி கட்டடமே இருமியிருக்கிறது. அப்படியென்றால் கண்ணூறு இல்லை. வேறு வருத்தம்.

“அக்கா, டாக்டர்” என்றேன்.

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். டாக்டர் கம்ப்யூட்டரில் பைத்தியம் என்று எழுதுவார், நகரசபைக் கவுன்சில் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும். இதைத்தான் கையால் காட்டினாள். இந்தப் பயத்துக்கு எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. என் மனதிலும் சொல்லுக்குச் சொல் அதேதான் இருந்தது. அப்படியில்லை என்று சொல்ல எனக்கு ஆதாரம் ஒன்றும் இல்லாவிட்டாலும், சொன்னேன். நானும் கூட வருவேன் என்றேன். நல்ல இங்கிலீஷ் பேசுகிற மகள்களைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டதற்கு, “மகள் கேட்கக் கூடாது” என்றாள். அது சரிதான்.

டாக்டரிடம் நேரம் எடுக்க நான்தான் போன் செய்தேன். வரவேற்பறைப் பெண் மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று கேட்டாள். தேவை என்றேன். என்ன மொழி என்றாள். ஸ்பானிஷ் என்றேன். நீங்கள் பேசுவதும் ஸ்பானிஷா என்றாள். இல்லை, நான் தமிழ் என்றேன். கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன், அவ்வளவுதான்.

குறித்த நாள் காலை போய் உட்கார்ந்தோம். கழுத்தில் அடையாள அட்டையும் டையுமாக ஒருவர் எழுந்து வந்தார். இனிக் கோயில் முழுக்க இதுதான் கதை என்று பயந்தேன். எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிற அண்ணை அவர். எப்போதும் எங்களுக்கு முன்னால் மர வாங்கில் உட்கார்ந்திருப்பவர்.

“தங்கச்சி, நீங்களோ தமிழ்?” என்றார், என்னைத் தெரியாதவர் போல.

“ஓம் அண்ணை. ஆனா வருத்தம் எனக்கில்லை. இவவுக்கு.”

“இவ தமிழோ?”

“இல்லை. ஸ்பானிஷ்.”

அவர் தன் அடையாள அட்டையைத் தூக்கிப் பார்த்தார். “அப்ப நான் என்னத்துக்கு வந்தனான்?”

அதற்குள் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். இளம் பெண், களைத்த முகம், நல்ல சிரிப்பு. பிழை நடந்ததை அறிந்து மன்னிப்புக் கேட்டார். போனில் ஸ்பானிஷ் ஆள் கிடைக்குமா என்று பார்த்தார். போன் பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தது. வேறு நாள் தரட்டுமா என்றார். அது எனக்கே விளங்கியது. நான் அவளுக்குச் சொன்னதும் அவள் கண் நிறைந்துவிட்டது. இந்த ஒரு காலைக்கு லீவு கேட்க அவள் சூப்பர்வைசரிடம் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அண்ணைதான் வழி சொன்னார். “நான் செவன் கிங்ஸிலயிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தனான். சும்மா போக ஏலாது. டாக்டர் எனக்குச் சொல்லட்டும், நான் உங்களுக்குச் சொல்லுறன், நீங்கள் அவவுக்குச் சொல்லுங்கோ. ஆனா ஒண்டு தங்கச்சி. இந்த அறைக்குள்ள கதைக்கிற எல்லாத்தையும் நான் டாக்டருக்குச் சொல்ல வேணும். கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. அதுதான் விதி.”

டாக்டர் யோசித்துவிட்டு, இன்றைக்கு ஒரு சின்னக் கேள்வித்தாள் மட்டும், முழுதாகப் பேச அடுத்த கிழமை ஸ்பானிஷ் ஆளோடு, என்று சம்மதித்தார். நாங்கள் நால்வரும் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டோம்.

முதல் கேள்வி: இரண்டு கிழமையாக நித்திரை எப்படி? டாக்டர் கேட்டார், அண்ணை அதை வாசகம் வாசிக்கிற குரலில் எனக்குச் சொன்னார், நான் எங்கள் பாஷையில் கையோடு அவளுக்குச் சொன்னேன். டாக்டர் ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுடைய இங்கிலீஷை அவர் ஸ்பானிஷ் என்றே நினைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

“தலை வாஷிங் மெஷின்” என்றாள் அவள். “நிற்காது. நித்திரை இல்லை.” பிறகு மரியாதைக்கு என்னைக் கேட்டாள், “நீ?”

அவளுடைய பழக்கம் அது. எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிட்டு ‘நீ’ என்று திருப்பிக் கேட்பாள். கேட்காவிட்டால் மரியாதையில்லையாம். நானும் பழக்கதோஷத்தில், “எனக்கும் மூன்று மணிக்கு முழிப்பு வரும், பிறகு நித்திரை இல்லை” என்றேன்.

அண்ணை டாக்டரிடம் இரண்டையும் சொன்னார்.

“அண்ணை, நான் சொன்னது வேண்டாம்” என்றேன்.

அவர் டாக்டரைப் பார்த்து, தான் சொன்னது வேண்டாம் என்று இவர் சொல்கிறார் என்று அதையும் மொழிபெயர்த்தார்.

இப்படியே போனது. பசி எப்படி? அவளுக்குப் பசியில்லை. நீ? எனக்குப் பசிக்கிறது, ஆனால் எல்லோருக்கும் போட்டுவிட்டு நின்றபடி சாப்பிடுகிறேன், என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. அழுகை வருகிறதா? அவளுக்கு பஸ்ஸில் வரும், மேல்தட்டில் முன் சீட்டில். நீ? எனக்கு வெங்காயம் வெட்டும்போது. வெங்காயம் இல்லாத கறியும் இருக்கிறதே என்று அவள் கேட்டாள். எங்கள் வீட்டில் இல்லை, எல்லாக் கறிக்கும் நான்கு வெங்காயம் போடுகிறேன் என்றேன். இதை மொழிபெயர்க்கும்போது அண்ணையிடம் வாசகக் குரல் இல்லை. டாக்டர் இன்னொரு கேள்வித்தாளை எடுத்து முதலாவதுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கடைசிக் கேள்வியைக் கேட்குமுன் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக, “உயிரோட இருக்க வேண்டாமெண்டு எப்பவாவது நினைச்சதோ எண்டு கேக்கிறா” என்றார்.

அதற்கு எங்கள் பாஷையில் சொல் இருக்கவில்லை. கையும் வரவில்லை. எப்படியோ கேட்டேன். அவள் உடனே இல்லை என்றாள். பிறகு யோசித்துச் சொன்னாள். சாக வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை படுக்க வேண்டும். சின்ன வருத்தம், நோகாத வருத்தம். யாராவது சூப் கொண்டுவர வேண்டும். மத்தியானம் யன்னல் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும்.

“நீ?”

“எனக்கும்” என்றேன். “ஆனா சூப் வேண்டாம். சோறு.”

அண்ணை இதை மொழிபெயர்க்கத் தொடங்கி, நடுவில் நின்று, மேசையில் இருந்த கடதாசிக் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு, மிச்சத்தைச் சொன்னார். சோறு என்பதை விடாமல் சொன்னார். டாக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிள்ளைகளை யாரும் கூட்டிப் போக மாட்டார்கள் என்பதை, நாங்கள் கேட்காமலேயே, முதலில் சொன்னார். பிறகுதான் மற்றதெல்லாம் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணை என்னிடம், “தங்கச்சி, இனி நீங்கள் என்னைக் காணேல்லை, நானும் உங்களைக் காணேல்லை” என்றார். அந்தச் சொல்லை அளவுக்கு மீறிக் காப்பாற்றினார். அடுத்த ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரம், முன் வாங்கிலிருந்து திரும்பி என் மனுசனுக்குக் கை கொடுத்தார், என் மகளுக்குக் கை கொடுத்தார், என்னைத் தாண்டி, பின்னால் இருந்த வாங்குக்குப் போய்விட்டார். பூசை முடிந்து அவருடைய மனுசி என்னை வாசலில் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை, இவரோட ஏதும் கோவமோ?”

“இல்லை அக்கா.”

“அப்ப ஏன் இப்பிடி முழிக்கிறார்? கேட்டா, உன்னைத் தெரியவே தெரியாதாம். மூண்டு வருசமா உனக்கு முன்னுக்கு இருந்தவர்.”

கோயில் ஆட்கள் கதை கட்டுவார்கள் என்று நான் பயந்தது இந்த விதமாக இல்லை.

அடுத்த கிழமை ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வந்தார். வயதான பெண், கழுத்தில் பெரிய மாலை. நான் வெளியே இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் என் சிநேகிதியின் குரல் கேட்டது. இவ்வளவு வேகமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. மூச்சு விடாமல், ஏறி இறங்கி, இடையில் யாரையோ போலப் பேசிக்காட்டி. உள்ளே மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அவள் பகிடிக்காரி என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னோடு பேசும்போது அவளிடம் இருநூறு சொல்தான் இருந்தது, அதில் பகிடிக்கு இடமில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என்னையும் அவள் அப்படித்தானே அறிந்திருப்பாள், பட்டாணியும் தேத்தண்ணியுமாக, என்றும் நினைத்தேன்.

மருந்து கொடுத்தார்கள். ஸ்பானிஷில் பேசுகிற ஒரு ஆலோசகரோடு கிழமைக்கு ஒருமுறை போனில் பேச ஒழுங்கு செய்தார்கள். எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. முதல் மாதம் ஒரு வித்தியாசமும் இல்லை, படிக்கட்டு மின்னியது. பிறகு ஒருநாள் மத்தியானம் என் வீட்டு சோபாவில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தவள், வசனத்தின் நடுவில் தூங்கிப்போனாள். குறட்டை என்றால் அப்படி ஒரு குறட்டை. நான் அதைப் போனில் பதிவு செய்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றிவரப் போனேன். எழும்பியதும், தான் குறட்டை விடுவதில்லை என்று சண்டை பிடித்தாள். போட்டுக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, தனக்கு அனுப்பச் சொன்னாள். அதை மூத்த மகளுக்கு அனுப்பினாள். அந்தப் பிள்ளையிடமிருந்து ஒரு நீண்ட குரல் செய்தி வந்தது. பாதி சிரிப்பு. மிச்சத்தை அவள் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த இரண்டாவது கேள்வித்தாளை நிரப்பிய டாக்டர் எனக்கு அனுப்பிய கடிதத்தில் தமிழ் அம்மாக்களுக்கான ஒரு குழுவுக்குப் போகும்படி இருந்தது. மனுசனிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

“உனக்கு என்ன குறை?” என்றார். கோபமில்லை, உண்மையிலேயே கேட்டார்.

“தெரியாது. அதைக் கேக்கத்தான் கூப்பிடுகினம்.”

“அப்ப போ. எத்தினை மணிக்கு எண்டு சொல்லு, நான் ஷிப்ட் மாத்துறன்.”

செவன் கிங்ஸில் ஒரு சின்ன மண்டபம். வியாழக்கிழமை காலை, எனக்குச் சமையலறை வேலை இல்லாத நாள். முதல் நாள் எட்டுப் பேர். ஒழுங்கு செய்த பிள்ளை எல்லோரையும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டாள். முதலாவது ஆள், “எனக்கு ஒண்டுமில்லை, சும்மா வந்தனான்” என்றார். இரண்டாவது ஆளும் சும்மா. மூன்றாவது, தன் மச்சாளுக்குத்தான் பிரச்சினை, மச்சாள் வர ஏலாது, அதனால் தான் வந்ததாகச் சொன்னார். நானும் சும்மா என்றேன். ஒன்றுமில்லாத எட்டுப் பேரும் கொண்டுவந்த ரோல்ஸையும் வடையையும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். இரண்டாம் கிழமை சாப்பாடு இன்னும் கூடுதலாக இருந்தது.

மூன்றாம் கிழமை, மச்சாளுக்குப் பிரச்சினை என்று சொன்ன பெண், மச்சாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மச்சாள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் காருக்குள்ளேயே இருக்கிறாவாம், ஒரு மணித்தியாலம், எஞ்சினை நிறுத்திவிட்டு. ஏன் என்று அவவுக்கே தெரியாதாம். சொல்லிக்கொண்டு போனவர் ஒரு இடத்தில் ‘அவ’ என்பதை விட்டு ‘நான்’ என்றார். ஒருவரும் திருத்தவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் வடைத்தட்டை அவர் மடியிலிருந்து மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு நான் பேசினேன். என்ன பேசினேன் என்பது முழுதாக நினைவில்லை. கன நேரம் பேசினேன். எனக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் பேச இருந்தார்கள். ஆனால் பன்னிரண்டு மணிக்கு அடுத்த ஆட்கள் யோகாப் பாய்களோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். கதிரைகளை அடுக்கிவிட்டு வெளியே வந்தோம். தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்களும் போகவில்லை. கார் நிறுத்தும் இடத்தில், யாரோ விரித்த ஒரு குடைக்குக் கீழே பாதியும் வெளியே பாதியுமாக நின்று, மிச்ச இரண்டு பேரும் சொல்லி முடிக்கும்வரை கேட்டோம்.